46 பேர், ஒரு குகை: புதுக்கோட்டை ஒருநாள் பஸ் பயணம் பற்றிய நிகழ்வு ஆய்வு

குடுமியான்மலைக் கோயில் வாசலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி 1.10. கதவு சாத்தியிருந்தது. இனி 4 மணிக்குத்தான் நடை திறப்பார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் பாட்டு டீச்சர் ஒருவர் மட்டும் கதவுவரை நடந்துபோய் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே பாறைச் சரிவில் இருக்கும் இசைக் கல்வெட்டைப் பார்ப்பதற்காகவே அவர் இந்தப் பயணத்துக்குப் பணம் கட்டியிருந்தார். திரும்பி வந்து, "பரவாயில்லை சார், இன்னொரு தடவை பார்த்துக்கலாம்" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும்.

அந்த நாளில் எது எங்கே பிசகியது, அடுத்த தடவை என்ன மாற்றினேன் என்பதை எழுதிவைக்கிறேன். இப்படி ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிற பலர் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், யாருக்காவது பயன்படும்.

நான் திருச்சிக்காரன். சில வருஷங்களாக வரலாற்று இடங்களுக்கு வேன் பிடித்துப் போய்வருகிறோம். 12 பேர், மிஞ்சினால் 15 பேர். புதுக்கோட்டைப் பயணத்துக்கு அறிவிப்புக் கொடுத்த இரண்டே நாளில் 40 பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். யாரையும் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. 49 இருக்கை பஸ் ஒன்றைப் பேசினேன். என்னோடு சேர்த்து 46 பேர். பாதிக்கு மேல் 60 வயது தாண்டியவர்கள்.

போட்ட திட்டம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு நாளில் பார்க்க முடிகிற தூரத்துக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று நினைத்தாலே ஆசை வந்துவிடும். காலையில் நார்த்தாமலை, பிறகு சித்தன்னவாசல், குடுமியான்மலை, புதுக்கோட்டையில் சாப்பாடு, சாயங்காலம் திருமயம், இரவு 7.30க்கு வீடு. ஐந்து நிறுத்தம். மொத்தம் 200 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அந்தக் குறைந்த தூரம்தான் என்னை ஏமாற்றியது. தூரத்தை வைத்து நேரம் போட்டேனே தவிர, 46 பேர் ஒரு வாசலில் நுழைந்து வெளியே வர எவ்வளவு நேரமாகும் என்று போடவில்லை.

நான்கு இடத்தில் ஆள் ஏற்றுவதாகச் சொல்லியிருந்தேன்: ஸ்ரீரங்கம், சத்திரம் பேருந்து நிலையம், தில்லைநகர், மன்னார்புரம். 6 மணிக்கு ஊரைவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். மன்னார்புரத்தைத் தாண்டும்போது 6.50. வழியில் ஓட்டலில் டிபன். சர்வர் வந்து "என்ன சாப்பிடுறீங்க" என்று கேட்டார். 46 பேரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். இட்லி சொன்னவர் 10 நிமிடத்தில் எழுந்துவிட்டார். ரவா ரோஸ்ட் சொன்னவருக்கு அரை மணி நேரம் ஆனது. அவர் சாப்பிட்டு முடித்ததும் இட்லிக்காரர் இன்னொரு காபி கேட்டார். எல்லோரும் பஸ் ஏற முழுசாக ஒரு மணி நேரம்.

நார்த்தாமலை மேலமலையில் ஏற ஆரம்பித்தபோது மணி 9. அந்தப் பாறை வழுக்கில் ஏறி மேலே போனதும் விஜயாலய சோழீச்சரம் கண்ணுக்கு முன்னால் வரும். மேற்குப் பார்த்த கோயில். வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். சுற்றிலும் சிறு கோயில்கள். இப்போது 6 நிற்கின்றன. சாத்தன் பூதி எடுப்பித்த கற்றளி (கல்லால் கட்டிய கோயில்) மழையில் இடிந்து அழிய, மல்லன் விடுமன் புதுக்கினான் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. பேரில் சோழ அரசன் இருக்கிறான். கல்வெட்டில் இருப்பது முத்தரையர் என்ற சிற்றரசர் வழியினர். எதிரில் பாறையைக் குடைந்த இரண்டு குகைகள். ஒன்று பழியிலி ஈச்சரம். மற்றதைச் சமணர் குடகு என்பார்கள். உள்ளே வரிசையாக 12 திருமால் உருவங்கள். இங்கே ஒரு மணி நேரம் போதாது. ஒன்றேகால் மணி நேரம் கொடுத்தேன், அதற்காக இன்றும் வருத்தப்படவில்லை. முழங்கால் வலி உள்ள மூன்று பேர் கீழேயே நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களோடு ஒருவரை விட்டுவிட்டு ஏறியது மட்டும் அன்று காலையில் நான் சரியாகச் செய்த காரியம்.

குகைக்குள் எத்தனை பேர்

சித்தன்னவாசல் அறிவர் கோயிலுக்கு, அதாவது ஓவியங்கள் உள்ள சமணக் குகைக் கோயிலுக்கு, 11.20க்கு வந்தோம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அன்றைய நாள் உடைந்தது இங்கேதான்.

உள்ளே முன்மண்டபம் சுமார் 22 அடி நீளம், 7 அடி அகலம். கருவறை 10 அடிகூட இல்லாத சதுரம். மண்டபத்தின் பக்கச் சுவர் மாடங்களில் ஒருபுறம் சமணத் தீர்த்தங்கரர் பார்சுவநாதர், எதிரே ஓர் ஆசாரியர். அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் ஓவியமாக ஒரு தாமரைக் குளம்: இலைகளுக்கு நடுவே மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள், பூப்பறிக்கும் மூன்று ஆண்கள். தூண்களில் நடன மாதர்கள், ஓர் அரசன், அரசி. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமர் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு இருக்கிறது.

இந்த ஓவியத்தில் நிறம் ஏற்கெனவே நிறையப் போய்விட்டது. வெயிலில் நடந்துவந்த கண்ணுக்கு முதல் இரண்டு மூன்று நிமிடம் விதானத்தில் அழுக்குப் பச்சைதான் தெரியும். கண் பழகின பிறகு ஒரு மீன் தெரியும். பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம்தான் குளமே தெரிய ஆரம்பிக்கும். வேனில் வந்தபோதெல்லாம் நாங்கள் 12 பேர் சேர்ந்து உள்ளே போய், கால் மணி நேரம் அண்ணாந்து நின்று, திருப்தியாக வெளியே வந்திருக்கிறோம். அதனால் அந்த இடத்தின் அளவு என் மனதில் பதிந்திருந்தது 12 பேருக்கான அளவு என்றுதான். ஆனால் 46 பேரைச் சேர்க்கும்போது அந்த நினைவு எனக்கு உதவவில்லை. பஸ்ஸில் எத்தனை இருக்கை என்று எண்ணினேன். குகையில் எத்தனை பேர் நிற்க முடியும் என்று எண்ணவே இல்லை.

காவலர் தன்மையாகவே சொன்னார்: "சார், பத்துப் பன்னிரண்டு பேரா அனுப்புங்க. மூச்சுக் காத்தே படத்துக்கு ஆகாது." அவர் சொன்னது முற்றிலும் சரி. ஆக, நான்கு அணி. அணிக்குக் கால் மணி என்றாலும் ஒரு மணி நேரம். உள்ளே 12 பேர் இருக்கும்போது 34 பேர் வெளியே என்ன செய்வார்கள் என்று எனக்கு ஒரு திட்டமும் இல்லை. முதல் அணி வெளியே வந்து "அருமை" என்றது. மூன்றாவது அணியை நான் அவசரப்படுத்த ஆரம்பித்துவிட்டேன். கடைசி அணிக்கு ஆறே நிமிடம். அந்த அணியில் இருந்தவர்களுக்குக் குளம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அந்தக் காத்திருப்பில்தான் ஓர் அம்மா தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். வெயில் என்று எல்லோரும் சொன்னார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, படுக்கவைத்து, கொஞ்சம் தெளிந்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் மெதுவாகச் சொன்னாராம்: காலை 5 மணியிலிருந்து அவர் தண்ணீரே குடிக்கவில்லை. எங்கே கழிப்பறை இருக்கும், எங்கே இருக்காது என்று தெரியாததால் குடிக்கவில்லை. இன்னும் நான்கைந்து பேர் அப்படித்தான் வந்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. பஸ்ஸில் 20 லிட்டர் கேன் மூன்று வைத்திருந்தேன். அதைப் பற்றி மைக்கில் இரண்டு தடவை சொன்னேன். கழிப்பறை பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் நடத்திய பயணத்தில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனதற்கு இந்த ஒரு வார்த்தைதான் காரணம் என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாத்திய கதவும் இரண்டு வாசலும்

12.45க்குச் சித்தன்னவாசலை விட்டோம். குடுமியான்மலையில் நடை சாத்துவார்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. 11.15க்கே அங்கே இருப்போம் என்று காகிதத்தில் எழுதியிருந்தேன். பின்னால் ஓடிய ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலான தாமதத்தை எங்காவது பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் பஸ்ஸை நேரே அங்கேயே ஓட்டச் சொன்னேன். 12 மணிக்கு டிரைவரிடம் பேசி வரிசையை மாற்றியிருக்கலாம். அந்த யோசனை வராத அளவுக்கு ஆட்களை எண்ணுவதிலேயே மூழ்கியிருந்தேன்.

புதுக்கோட்டையில் சாப்பாடு 2.15க்கு. திருமயத்துக்கு 4 மணிக்குப் போனோம். அங்கே ஒரே பாறையின் அடியில் சத்தியகிரீஸ்வரர் குடைவரையும் சத்தியமூர்த்திப் பெருமாள் குடைவரையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பெருமாள் பாறையிலேயே பிரம்மாண்டமாகப் பள்ளிகொண்டிருக்கிறார். திருமங்கையாழ்வார் பாடிய தலம். இரண்டு கோயிலாருக்கும் நிலம், வருமானம் பற்றி நீண்ட காலம் தகராறு இருந்தது. 1245இல் ஹொய்சாளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் முன்னிலையில் அது தீர்த்துவைக்கப்பட்டது. சொத்து பங்கு பிரிக்கப்பட்டது, நடுவில் சுவர் வந்தது. இன்றும் ஒரு கோயிலிலிருந்து வெளியே வந்துதான் மற்றதற்குள் போக வேண்டும்.

இந்தக் கதையை நான்தான் மைக்கில் சொன்னேன். ஆனால் நானே அதை மறந்து, "தரிசனம் முடிச்சிட்டு வாசலுக்கு வந்துடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எந்த வாசல்? சிவன் கோயில் வாசலில் நின்று எண்ணினால் 45. ஒரு தாத்தா இல்லை. போன் பஸ்ஸிலேயே இருந்தது. 25 நிமிடம் தேடினோம். அவர் பெருமாள் கோயில் வாசலில், நாங்கள் வருவோம் என்று அமைதியாகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. 1687இல் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டையை, அதில் ஏறுவதற்காகவே வந்த இளைஞர்கள் உட்பட, கீழே இருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினோம். திருச்சியில் கடைசி ஆளை இறக்கும்போது இரவு 9.20.

டிரைவர் அண்ணன் முந்தைய நாள் ராத்திரி வேறொரு டிரிப் முடித்து 1 மணிக்குத்தான் படுத்தாராம். திரும்பி வரும்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அதன் பிறகு திருச்சி வரும்வரை நான் அவர் பக்கத்தில் கிளீனர் சீட்டிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்தேன். 46 உயிர். வாடகை பேசும்போது டீசலும் டோலும் பேட்டாவும் பேசினேன். முதல் நாள் வண்டி எங்கே போகிறது என்று கேட்கவில்லை.

என்ன தப்பு என்று உட்கார்ந்து பார்த்தபோது

தாமதங்களை ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டினேன். ஆள் ஏற்றியதில் 50 நிமிடம், டிபனில் அரை மணி, குகையில் 40, தேடியதில் 25. பார்த்தால் எல்லாம் தனித்தனிச் சங்கதி போலத் தெரியும். ஆனால் நான்குக்கும் வேர் ஒன்று. வேனில் ஒரு கூட்டம் ஒரே ஆளைப் போல நகரும். பஸ்ஸில் அது வரிசையாகிவிடும். டிபன் மேசையில், குகை வாசலில், கழிப்பறையில், பஸ் படிக்கட்டில், எங்கே போனாலும் வரிசை. அன்றைய பாதையிலேயே மிகச் சின்ன வாசல் எதுவோ அதுதான் அந்த நாளின் வேகத்தை வைக்கிறது. எங்களுக்கு அது அறிவர் கோயில்.

அதைவிடப் பெரிய தப்பு வரிசை முறையில் இருந்தது. புதுக்கோட்டை வட்டாரத்தில் நாம் பார்க்கப் போகும் இடங்கள் இரண்டு வகை. வழிபாட்டில் உள்ள கோயில்கள் காலையிலும் மாலையிலும் திறந்திருக்கும், நடுப்பகலில் சாத்திவிடுவார்கள். சித்தன்னவாசல் போன்ற தொல்லியல் சின்னமும் திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகமும் நடுப்பகலில் திறந்திருக்கும். (அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.) ஆகவே கோயிலைக் காலையில் வைத்து, குகையையும் மியூசியத்தையும் உச்சிவேளைக்குத் தள்ளியிருக்க வேண்டும். நான் சாலையில் எது முதலில் வருகிறதோ அதை முதலில் வைத்தேன். நார்த்தாமலை விஷயத்திலும் அப்படியே. மேற்குப் பார்த்த கோயிலைக் காலை 9 மணிக்குக் காட்டினேன்; முகப்பு முழுக்க நிழல்.

இரண்டாவது தடவை

ஆறு வாரம் கழித்து அதே ஊர்களுக்கு மறுபடி போனோம். முதல் தடவை வந்தவர்களுக்கு முன்னுரிமை கொடுத்தேன். பாட்டு டீச்சருக்கு நானே போன் செய்தேன்.

36 பேர்தான் என்று முதலிலேயே அறிவித்தேன். ஒரு வரிசைக்கு நான்கு இருக்கை. மூன்று வரிசை சேர்ந்தால் 12. அதுதான் குகைக்குள் போகும் ஓர் அணி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களே குகையிலும் பக்கத்தில் நிற்பார்கள், ஆள் குறைந்தால் முதலில் கண்டுபிடிப்பவர்களும் அவர்களே. அணிக்கு ஒருவர் தன் 11 பேரை எண்ணிச் சொல்வார். நான் மூன்று எண்ணைக் கூட்டினால் போதும். ஆட்கள் குறைந்ததால் ஒருவருக்கான பஸ் செலவு கால் பங்குக்கு மேல் ஏறியது. ஏன் ஏறியது என்று விளக்கிச் சொன்னேன். இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள். அவர்கள் நிலைமை எனக்குப் புரிகிறது, வேறு பதிலும் என்னிடம் இல்லை.

திருமயத்தை எடுத்துவிட்டேன். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். ஆள் ஏற்ற இரண்டே இடம். டிபன் விராலிமலையில்: இட்லி, பொங்கல், வடை, காபி, முந்தின நாளே சொல்லியாயிற்று, 25 நிமிடத்தில் முடிந்தது. ("முருகனை ஒரு நிமிஷம் கும்பிட்டுட்டு வந்துடறேனே" என்று கேட்ட மாமாவைச் சமாதானப்படுத்தி பஸ் ஏற்றியது மட்டும் கொஞ்சம் கஷ்டம்.) கிளம்பியதுமே மைக்கில் முதல் அறிவிப்பு கழிப்பறை பற்றித்தான்: டிபன் சாப்பிடும் ஓட்டல், சித்தன்னவாசல், மதியச் சாப்பாடு, மியூசியம், இடையில் எத்தனை நிமிடம் என்பதும் சேர்த்து. தண்ணீர் கேன் மதியத்துக்குள் இரண்டு காலியானது. டிரைவருக்கு முதல் நாள் ஓய்வு என்பதை வண்டிக்காரரிடம் எழுதி வாங்கியிருந்தேன். எங்கே நிறுத்தினாலும் முதலில் சாப்பாடு அவருக்கும் கிளீனருக்கும்.

இலுப்பூர் வழியாகக் குடுமியான்மலைக்கு 8.30. வழியில், ஊர்ப் பேரில் இருக்கிற குடுமியின் கதையைச் சொன்னேன்: பூசையில் வைத்த பூவில் தலைமுடி இருந்ததைக் கண்டு அரசன் கேட்க, இறைவனுக்கே குடுமி உண்டு என்று அர்ச்சகர் சொல்லிவிட்டார், அவரைக் காப்பாற்ற லிங்கத்தில் குடுமி தோன்றியது என்பது தலத்துக் கதை. மண்டபத்துச் சிற்பங்களை நின்று பார்த்தோம். பிறகு பாறைச் சரிவு.

சித்தன்னவாசலில் மூன்று அணி, அணிக்குக் கால் மணி. காத்திருந்தவர்களை நிழலில் உட்காரவைத்து, விதான ஓவியத்தின் பெரிய வண்ணப் பிரதியைக் கையில் கொடுத்தோம். எருமை எங்கே, மூன்றாவது ஆள் எங்கே என்று அதில் தேடிப் பழகிவிட்டு உள்ளே போனவர்களுக்குக் குளம் சீக்கிரம் தெரிந்தது. "மீன் இங்க இருக்கு, மீன் இங்க இருக்கு" என்று உள்ளிருந்து ஒரு பாட்டியின் குரல் வெளியே வரை கேட்டது. மலைமேலே சமணத் துறவிகளின் 17 கற்படுக்கைகளும் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தும் உள்ள ஏழடிப்பாட்டம் குகையை விட்டுவிட்டோம். அது இன்னும் உறுத்துகிறது. ஆனால் உச்சி வெயிலில் 60 வயதுக்காரர்களை அந்தப் பாறையில் ஏற்ற எனக்குத் துணிவில்லை. 4.15க்கு நார்த்தாமலை ஏறினோம். சாயங்கால வெயில் விஜயாலய சோழீச்சரத்தின் முகப்பில் நேராக விழுந்தது. இருட்டுவதற்கு முன் இறங்கி, 7.15க்குத் திருச்சி.

குடுமியான்மலைப் பாறைச் சரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இசைக் கல்வெட்டு 38 வரி, ஏழு பகுதி, கிரந்த எழுத்து. ருத்ராசாரியரின் மாணவனான ஓர் அரசன் செய்தது என்று அதிலேயே இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் என்பது பழைய கருத்து. அறிஞர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்வரங்கள் நான்கு நான்காக வெட்டப்பட்டிருக்கின்றன; ஒரே ஸ்வரத்துக்கு அ, இ, உ, எ என்று உயிர் மாறிமாறி வரும். கடைசியில் "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய" என்று தமிழில் ஒரு வரி.

டீச்சர் வீட்டிலேயே கிரந்த எழுத்து படித்துப் பழகி, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். பாறைக்கும் நோட்டுக்கும் மாறிமாறிப் பார்த்தார். முதல் பகுதியின் நான்கு எழுத்துகளை மெல்லச் சொன்னார், அடுத்த நான்கு, அடுத்த நான்கு. பாடவில்லை; விரலால் தொடையில் தட்டிக்கொண்டு எழுத்தை மட்டும் சொன்னார். சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கிளம்ப வேண்டிய நேரம் 10 மணி. என் கையில் விசில் இருந்தது. ஏழாவது பகுதி முடிகிறவரை ஊதவில்லை. 10.20க்குக் கிளம்பினோம். அந்த 20 நிமிடத்தை மதியம் மியூசியத்தில் குறைத்துக்கொண்டேன்.